நின்றுபோன சண்டைகளின் சாவி

எருக்கங்காட்டு வீதியில் ஒரு சிவப்புக் கார் இருந்தது. அதன் சாவியைத் திருப்பினால் கார் கிளம்பாது. வீதியில் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு காலத்தில், பாதியில் நிறுத்தி வைத்த சண்டை ஒன்று விட்ட சொல்லிலிருந்து அப்படியே கிளம்பும். கோயமுத்தூரில் பம்ப் செட் பட்டறைகளும் லேத் ஓடும் கொட்டகைகளும் அவற்றுக்கு நடுவே குடித்தனங்களுமாக இருக்கிற அந்த வீதியில் இதற்கு யாரும் வாயைப் பிளக்கவில்லை. சண்டை போடுவதைவிடச் சண்டையை அமுக்குவதில் கெட்டிக்காரர்கள் அவர்கள். விருந்தாளி வந்துவிட்டார், நல்ல நாள், அக்கம்பக்கத்தில் கேட்கும், பெண்பிள்ளை இருக்கிற வீடு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அமுக்கியதெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்று அவர்களில் ஒருவராவது யோசித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

கார் கோகிலவாணியின் அப்பா வாங்கியது. பம்ப் மோட்டார் செய்து கொஞ்சம் பேர் எடுத்த காலத்தில், வால்பாறை டீ எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கி வந்தார். இரண்டே சீட், மடக்குகிற துணிக் கூரை, உட்கார்ந்தால் ரோடு இடுப்புக்குக் கீழே உரசுகிற மாதிரி அத்தனை தாழ்வு. பிள்ளைகள் இருவருக்கும் அவரே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கோகிலவாணி நன்றாக ஓட்டினாள், அவள் அண்ணன் தெய்வசிகாமணி வேகமாக ஓட்டினான், வீட்டில் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருடம் கழித்து, தெய்வசிகாமணிக்குப் பெரிய இடத்தில் பெண் நிச்சயமாகி இருந்த சமயம், ஒரு சாயங்காலம் அவன் வீதி முக்கில் வேகம் குறைக்காமல் வளைத்துத் திருப்பி, இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை முடிந்து சைக்கிளில் போய்க்கொண்டிருந்த மாரப்பனைப் பின்னாலிருந்து அடித்தான். மாரப்பனுக்கு வலது கால் முழங்காலுக்கு மேலே போயிற்று. கார் விளக்கு உடைந்த சத்தத்துக்கு வீதியில் பாதி வெளியே வந்து பார்த்தது. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்ததையும் பார்த்தது. பின்னாலிருந்து அடிபட்டு நினைவில்லாமல் கிடந்த மாரப்பன் ஒருவன்தான் பார்க்கவில்லை. அன்று ராத்திரிக்குள் கோகிலவாணியின் அம்மா ஒரு கணக்குப் போட்டாள். ஆம்பளை ஓட்டினான் என்றால் கேஸாகும், நிச்சயித்த கல்யாணம் நிற்கும். பெண்பிள்ளை ஓட்டினாள் என்றால் பாவம் என்று விட்டுவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் மாரப்பன் கண் விழித்தபோது எதிரே தெய்வசிகாமணி நின்றிருந்தான். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மாரப்பன், "தம்பி, எம்பட காலை..." என்று ஆரம்பித்தான். அம்மா குறுக்கே விழுந்தாள். "பொட்டப் புள்ளைங்க, தெரியாம ஓட்டிருச்சுங்க. வாழ வேண்டிய புள்ளைங்க. உங்க தங்கச்சியா நெனச்சு விட்டுருங்க." வார்டு வாசலில் நின்றிருந்த கோகிலவாணியை மாரப்பன் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான், கேஸ் வேண்டாம் என்று போலீஸிடம் சொன்னான். அப்புறம் வீதி முக்கில் பெட்டிக்கடை வைத்தான். அந்த வழியாக அவள் போகும்போதெல்லாம் முகத்தைக் கடைக்குள் அடுக்கிய சாக்குப்பைகளின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கோகிலவாணி சும்மா இருக்கவில்லை. அண்ணன் கல்யாணத்தில், மாப்பிள்ளையோடு அவன் தங்கையை உட்கார வைத்துச் செய்கிற இணைச்சீரின்போது, மேளம் கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து அவன் பக்கம் திரும்பி, "அண்ணா, அன்னைக்கு வண்டியை..." என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். "முகூர்த்தம் தாண்டட்டும் அம்மிணி" என்றான் அவன் உதட்டை அசைக்காமல். அம்மா அச்சு வெல்லத்தில் ஒரு கட்டியை எடுத்து அவள் வாய்க்குள் திணித்தாள். இதுவும் சீரில் ஒன்று போல என்று பெண்வீட்டார் சிரித்தார்கள். எது என்ன என்று தெரிந்த வீதிக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைத்தான் கோகிலவாணியால் மன்னிக்க முடியவில்லை. அதற்கப்புறம் அவளைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. ஆள்மேல் வண்டி ஏற்றிக் காலை எடுத்தவள் என்றார்கள். அவள் அண்ணன் கம்பெனியிலேயே மோட்டாருக்குக் காயில் சுற்றும் பகுதிக்கு மேற்பார்வையாக இருந்தாள். முப்பது வருடங்களாக அந்தக் காரின் ஓட்டுநர் சீட்டில் அவள் உட்காரவில்லை.

அண்ணன் வேறு பக்கம் பங்களா கட்டிக்கொண்டு போனான், அம்மா காலமானாள், பழைய வீடும் ஷெட்டும் காரும் கோகிலவாணியோடு கிடந்தன. இப்போது தெய்வசிகாமணியின் மகனுக்குக் கல்யாணம். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் மாப்பிள்ளை வந்து இறங்குவது ஊரில் பெருமையாகிவிட்டதால், அண்ணனுக்குக் காரின் நினைப்பு வந்தது.

வயரிங் லாரன்ஸ் வந்தான். கம்பெனி வண்டிகளின் கரண்ட் வேலையெல்லாம் அவன்தான் பார்ப்பது. புது பேட்டரி போட்டு, டேங்க்கைக் கழுவி, எலி கடித்த வயர்களை மாற்றி, எர்த் பிடிக்கிற இடங்களைச் சுரண்டிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். "அக்கா, சாவியத் திருப்புங்க" என்றான். கோகிலவாணி வெளியே நின்றபடியே கையை மட்டும் உள்ளே நீட்டித் திருப்பினாள். முதல் இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. மூன்றாவது இடத்தில் இன்ஜின் உறுமியிருக்க வேண்டும். உறுமியது எதிர்வீட்டு வாத்தியாரம்மா.

"...வந்ததும் வராததுமா, பொணம் கெடக்கிற வீட்டுல காப்பி கேட்டீங்களே, மனுசனா நீங்க?" என்றாள் அவள். ஒன்பது வருடம் முன்பு, அவளுடைய அப்பா செத்த சமயத்தில், யாரோ கல்யாணப் பத்திரிகை வைக்க வந்ததால் நிறுத்திய பேச்சு அது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த வாத்தியாரும் அன்று சொல்ல நினைத்த பதிலை, அன்றைக்கிருந்த குரலிலேயே சொல்லத் தொடங்கினார். லாரன்ஸ் கண்டுகொள்ளவில்லை. டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தான். ஸ்விட்சுக்கு உள்ளே போகிற கரண்ட் வெளியே வரவில்லை. வயர்கள் இரண்டை நேராக உரசினான். செல்ஃப் மோட்டார் சுற்றி, இன்ஜின் புகை தள்ளிக்கொண்டு ஓடியது. அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னான். இந்தத் தடவை, மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்துவிட்டதே என்று மூன்று வருடம் முன்பு சண்டையை நிறுத்திவிட்டு ஓடிப்போய் லேத்தைப் போட்ட இரண்டு பங்காளிகள், ஓடுகிற லேத்தை நிறுத்திவிட்டு வந்து நடுரோட்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இக்னிஷன் ஸ்விட்ச்தாங்கக்கா" என்றான் லாரன்ஸ், வயரைப் பார்த்துக்கொண்டு பாதி, வீதியைப் பார்த்துக்கொண்டு பாதி. கழற்றி, கறுத்துப்போன கான்டாக்டை உப்புத்தாளில் தேய்த்து, திரும்ப மாட்டியும் அப்படியேதான் இருந்தது. போனில் கேட்ட தெய்வசிகாமணி கத்தினான். "மாப்பிள்ளை வயரை ஒரசிக்கிட்டா மண்டபத்துக்கு வருவான்? புது ஸ்விட்ச் வெளிநாட்டுல சொல்லியிருக்கறேன், வரட்டும்."

ஸ்விட்ச் வருவதற்குள் வீதி பழகிக்கொண்டது. முதல் இடத்துக்குச் சாவி போனால் எங்கோ ஒரு வீட்டில் முனகல் கேட்கும், இரண்டாவதில் பாத்திரம் வைக்கிற சத்தம் பலமாகும், மூன்றாவதில் வெடிக்கும் என்று கண்டுகொண்டார்கள். ஷெட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் அடுப்பிலிருந்து பாலை இறக்கினார்கள், கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள், டிவியை நிறுத்திவிட்டு இன்று யாருக்கு என்று காத்திருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்திலும் பரீட்சை நாட்களிலும் திருப்பக்கூடாது என்று பிள்ளையார் கோயில் கமிட்டி சொல்ல, கோகிலவாணியும் கேட்டுக்கொண்டாள். சண்டையை முடித்தவர்கள் இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டு கிடந்துவிட்டு எழுந்து நன்றாகச் சாப்பிட்டார்கள். வாத்தியாரும் வாத்தியாரம்மாவும் ஒரே கட்டிலுக்குத் திரும்பினார்கள். பங்காளிகள் பிரிந்து வெவ்வேறு கொட்டகை போட்டு, பிரிந்த பிறகு ஒன்றாக டீ குடித்தார்கள். தீராதவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள், அதுவும் நல்லதுக்குத்தான் என்றார்கள் மிச்சமிருந்தவர்கள். அக்கம்பக்கத்து வீதிகளிலிருந்து வந்து, எங்களுக்கும் ஒன்று நிற்கிறது, இங்கே குடிவந்தால் கிளம்புமா என்று காலி வீட்டுக்கு வாடகை கேட்டவர்களும் உண்டு.

ஆனால் சாவியைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. "நீயே திருப்பு அம்மிணி" என்றார்கள். "உனக்குக் கைராசி." கைராசியாம். சண்டை ஏடாகூடமாகப் போனால் யார் திருப்பியது என்று நாளைக்கு ஒரு கேள்வி வரும். பழியை ஏற்கெனவே ஒரு தடவை சுமந்தவள் இருக்கும்போது புதிதாக இன்னொருவர் எதற்கு என்பதுதான் அதற்கு அர்த்தம். கோகிலவாணிக்கு அது புரிந்தது. புரிந்தும் திருப்பினாள். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது இடத்தில் சாவியை அழுத்திப் பிடித்து, இப்போதாவது தன் வாய் திறக்கிறதா என்று பார்த்தாள். ஊரார் வாயெல்லாம் திறந்தது, அவளுடையது திறக்கவில்லை. நாக்கில் அந்த வெல்லத்தின் இனிப்பு மட்டும் லேசாக ஊறி அடங்கியது.

லாரன்ஸ்தான் சொன்னான். "நானும் பாத்துட்டேனுங்கக்கா. சண்டை போட்ட ரெண்டு பேரும் இந்த வீதிக்குள்ள இருக்கோணும். அப்புறம், திருப்பற கைக்கு வராது. அடுத்தவங்களுக்குத்தான் வரும்."

"அப்ப எங்கண்ணன் இங்க வரோணும். வேற யாராவது திருப்போணும்."

"ஆமாங்க்கா."

"நீ திருப்பறயா?"

லாரன்ஸ் ஸ்பேனரைத் துடைத்தான், ரொம்ப நேரம் துடைத்தான். "அக்கா, கம்பெனி வண்டியெல்லாம் என்கிட்டத்தான் வருது. அண்ணன் மனசு நொந்தாருன்னா..."

அவள் வீடு வீடாகப் போனாள். அண்ணன் வருகிற அன்றைக்கு ஒரே ஒரு தடவை, ஒரு கைத் திருப்பு. வாத்தியாரம்மா கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் அவளுக்கு அன்றைக்கு ஊரில் ஒரு சாவு விசேஷம் இருந்தது. பங்காளிகளில் ஒருவன் தன் தோள் பிடித்துக்கொண்டது என்றான், இன்னொருவன் அந்தப் பழைய கதையெல்லாம் எதுக்கு அம்மிணி என்றான். அவர்களுடைய பழைய கதைகளை எல்லாம் கிளப்பிக் கொடுத்து, அவற்றைத் தீர்த்துக்கொண்டு அவர்கள் குறட்டை விட்டுத் தூங்குவதற்கு வழி செய்த கை அவளுடையது. அவளுக்கு வந்த கோபத்தில் யாரையாவது அறைந்துவிடுவோமோ என்று பயந்து, கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தன் சண்டை என்ன என்று எல்லாருக்கும் தெரியும், தெரிவதால்தான் ஒருவரும் வரமாட்டார்கள் என்று அப்போது விளங்கியது. மாரப்பனிடம் மட்டும் அவள் போகவில்லை. அந்த முகத்தின் முன்னால் போய் நிற்க அவளுக்குத் தைரியம் இல்லை.

ஸ்விட்ச் வந்தது. தெய்வசிகாமணி அட்டைப்பெட்டியோடு தானே வந்தான், மாட்டியதும் கையோடு ஓட்டிக்கொண்டு போவதற்கு. ஷெட்டுக்கு வெளியே காரைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். சாவு விசேஷத்துக்குப் போயிருக்க வேண்டிய வாத்தியாரம்மா உட்பட வீதி முழுக்க வாசலில் நின்றது.

"கழட்டப்பா லாரன்ஸ்" என்றான் தெய்வசிகாமணி.

"கழட்டக்கூடாது" என்றாள் கோகிலவாணி. "இத்தனை பேர் இருக்கறீங்க. ஒருத்தர் வந்து ஒருக்காத் திருப்புங்க. ஒருக்கா."

ஒருவரும் அசையவில்லை. தெய்வசிகாமணி சிரித்தான். "என்ன அம்மிணி, கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்குது" என்றான், தங்கையின் தோளில் செல்லமாகத் தட்டினான். லாரன்ஸ் குனிந்துகொண்டே டேஷ்போர்டின் முதல் திருகைத் தளர்த்தினான்.

அப்போதுதான் வீதி முக்கிலிருந்து கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு மாரப்பன் வந்தான். அவன் கடையைப் பூட்டிவிட்டு வந்ததை அந்த வீதி அதுவரை பகலில் பார்த்ததில்லை. கோகிலவாணியைப் பார்க்காமல், தெய்வசிகாமணியையும் பார்க்காமல், காரிடம் பேசுகிற மாதிரி சொன்னான்: "இது இன்னைக்குப் போகுதாமா. எம்மேல ஏறின வண்டி. ஒருக்கா நானும் இதுமேல ஏறி உக்காந்து பாக்கறேன்."

வீதிக்கு உயிர் வந்தது. "ஏனுங்க மாரண்ணா, உங்களுக்கு எதுக்குங்க அந்த வேலை" என்றான் ஒரு பங்காளி. தோள் பிடித்துக்கொண்டவன் அந்தத் தோளாலேயே வழியை மறித்தான். வாத்தியார் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார், வெயில் என்றார், உட்காருங்கள் என்றார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவன் கட்டையைப் பிடித்து ரோடு தாண்ட உதவாதவர்கள் அன்று அவனைச் சூழ்ந்துகொண்டு கரிசனம் காட்டினார்கள். மாரப்பன் கட்டையை ஓங்கினான். வழி விட்டார்கள்.

தாழ்ந்த சீட்டில் அவன் இறங்கி உட்காரச் சிரமப்பட்டான். ஒற்றைக் காலை உள்ளே இழுத்து வைத்தான். ஸ்டீரிங்கைத் தொட்டுப் பார்த்தான், துணிக் கூரையின் கிழிசலைப் பார்த்தான், பிறகு தொங்கிக்கொண்டிருந்த சாவியைப் பிடித்து ஒரே மூச்சில் மூன்றாவது இடத்துக்குத் திருப்பினான்.

கோகிலவாணியின் வாய் இனிப்பால் நிறைந்தது. கன்னம் புடைத்தது, மூச்சு முட்டியது. குனிந்து காறித் துப்பினாள். அச்சு வெல்லம் ஒரு கட்டி, கொஞ்சமும் கரையாமல், அம்மாவின் விரல் பதிந்த பள்ளத்தோடு தெய்வசிகாமணியின் செருப்புக்கு முன்னால் விழுந்தது. எறும்புகள் வந்துசேர நேரமாகவில்லை.

"...ஓட்டுனது நீ!" என்றாள். மண்டபத்து மேளத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று அன்று எடுத்த குரல், ஒரு மேளமும் இல்லாத வீதியில் சுவருக்குச் சுவர் மோதியது. "ஆளை அடிச்சது நீ. பழி எனக்கு. பொட்டச்சின்னா மன்னிப்பாங்கன்னு என்னை வார்டு வாசல்ல நிக்க வெச்சீங்க. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதா? உனக்குத்தான்டா தெரியாது!"

சாவி பிடித்த பிடியில் தெய்வசிகாமணியும் அன்றைய பதிலைத்தான் சொல்ல முடிந்தது. நரைத்த மீசையோடு, உதட்டை அசைக்காமல், இருபத்தைந்து வயதுக் குரலில் சொன்னான்: "முகூர்த்தம் தாண்டட்டும் அம்மிணி."

"எத்தனை முகூர்த்தம்டா? உம்பட முகூர்த்தம் தாண்டுச்சு, உம் மகனுக்கும் வந்துருச்சு, என்னோடது எங்கடா?" அவள் வீதியின் பக்கம் திரும்பினாள். "நீங்க எல்லாரும் பாத்தீங்க. பாத்துட்டுத்தானே மண்டபத்துல உக்காந்து சிரிச்சீங்க? உங்க அப்பன் செத்ததுக்கும் உங்க லேத்துக்கும் நான் திருப்போணும், எனக்கு ஒரு கை இல்ல உங்ககிட்ட!" அவள் சொல்லச் சொல்ல வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள மட்டும் அவர்களுக்குக் கால் வரவில்லை.

மாரப்பன் சாவியை விட்டான். அது பழைய இடத்துக்கே திரும்பியது. ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு முதல் தடவையாகக் கோகிலவாணியின் முகத்தைப் பார்த்தான்.

"தினமும் எங்கடை முன்னாலதான போனே?" என்றான். ஸ்டீரிங்கைக் கையால் குத்தினான். "ஒரு நாள் நின்னு சொல்லியிருக்கலாமே. உன்னைப் பொட்டப் புள்ளைன்னு விட்டேன். விட்டுட்டு, அந்த எரிச்சல்ல இத்தனை வருசம் மனசுக்குள்ள உன்னையே தின்னேன். தப்பான ஆளைத் தின்ன வெச்சுட்டயே அம்மிணி."

இருந்த கோபத்திலெல்லாம் இந்தக் கோபம்தான் அவளை அடித்தது, ஏனென்றால் இது நியாயமானது. "தப்புத்தானுங்க" என்றாள்.

தெய்வசிகாமணிக்குத் தன் சொந்தக் குரல் திரும்பியிருந்தது. "மாரண்ணா, பேசித் தீத்துக்கலாம்ங்க. வீட்டுல விசேஷம் வெச்சிருக்குது, நல்ல நேரத்துல எதுக்கு..." என்றபடி லாரன்ஸிடம் கண்ணைக் காட்டினான். லாரன்ஸ் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். தளர்த்திய திருகைக் கையாலேயே திரும்ப முறுக்கினான்.

மாரப்பன் கதவைத் திறந்து, கட்டையை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினான். இறங்கி, கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டு நின்றான்.

"உக்காரு" என்றான் கோகிலவாணியிடம். "வெளிய நின்னு கைய நீட்டாத. ஓட்டறவ மாதிரி உக்காந்து திருப்பு. எனக்கும் ஒண்ணு பாதியில நிக்குது. திருப்பற கைக்கு வராதாமா."

கோகிலவாணி முந்தானையைச் செருகிக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் இறங்கி உட்கார்ந்தாள். கால்கள் தாமாகவே கிளட்சுக்கும் பிரேக்குக்கும் போயின. தெய்வசிகாமணி நகரப் பார்த்தான். வீதி அவனுக்குப் பின்னால் நெருங்கி நின்றிருந்தது, இந்தத் தடவை ஒருவரும் வழி விடவில்லை. அவள் சாவியைப் பிடித்தாள். முதல் இடத்தில் மாரப்பனின் தாடை இறுகியது, இரண்டாவதில் சிவப்பு விளக்குகள் எரிந்தன, மூன்றாவதுக்குத் திருப்பி அழுத்தி, கை வலித்தும் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

மாரப்பன் தெய்வசிகாமணியின் முகத்துக்கு நேராகப் போய் நின்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் 'எம்பட காலை' என்று விட்ட இடத்திலிருந்து கேட்டான்:

"...எங்கடா பொதைச்சீங்க?"